மூன்று தேத்தண்ணி

வவுனியா

"முதல்ல ஒரு தேத்தண்ணி குடியுங்கோ, பிறகு ஆறுதலாக் கதைப்பம்" என்றார் மாஸ்டர்.

ஆகஸ்ட் மாதக் காலை. ஏழு மணிக்கே முற்றத்துச் செம்மண் சுடத் தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே வர வரப் பனைகள் குறைந்து, வன்னிக்குள் பாலையும் முதிரையும் வீரையுமாகக் காடு நெருங்கிவிடுகிறது. அந்தக் காட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்த ஊர் வவுனியா.

மாஸ்டர் முப்பது வருஷம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சிங்களமும் சரளமாகப் பேசுவார். அவர் மனைவி குழல் பிட்டும் தேங்காய்ச் சம்பலும் கத்தரிக்காய்ப் பால்கறியும் எடுத்து வைத்தார். பிட்டு உடையாமல் குழலிலிருந்து தள்ளும் அந்தக் கைப்பக்குவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அடுப்படி மூலையில் இருந்த நீலக் கேனைக் கவனித்தேன். தேத்தண்ணிக்கு அதிலிருந்துதான் தண்ணீர் சரித்தார். வாசலிலிருந்து பத்தடி தூரத்தில், உறை இறக்கி, துலாக்கால் வைத்த நல்ல கிணறு ஒன்று இருந்தது.

"அது குளிக்க, உடுப்புத் தோய்க்க. குடிக்கிறதுக்கு இதுதான்" என்றார் அந்த அக்கா. "இவற்ற தம்பிக்கு வருத்தம் வந்த பிறகு அந்தத் தண்ணிய வாயில வைக்கிறேல்ல."

வருத்தம் என்றால் அங்கே நோய். நாம் வேறு பொருளில் சொல்லும் சொல். அக்கா சொன்னபோது இரண்டு பொருளும் அதில் இருந்தன.

தேத்தண்ணி என்ற சொல்லும் அந்தக் காலையில் எனக்குள் தங்கிவிட்டது. டீ என்று சொல்லும்போது நாம் இலையை நினைக்கிறோம், பாலை நினைக்கிறோம். தண்ணீரை யாரும் நினைப்பதில்லை. அவர்கள் சொல்லிலேயே தண்ணீர் இருக்கிறது.

நான் போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். நான் சிறுவனாக இருந்தபோது களையெடுப்பு என்றால் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாகக் குனிந்திருப்பார்கள். இப்போது முதுகில் களைக்கொல்லி டப்பாவோடு ஒருவர் வந்து போகிறார். வரப்புக்கும் வாய்க்கால் கரைக்கும்கூட அடிக்கிறோம். அப்பா இருந்தவரை அடித்தார், அவருக்குப் பிறகு நானும் அடித்தேன். நாலாவது நாள் வரப்பு முழுக்கப் பழுத்துக் காய்ந்து கிடக்கும். அடித்தது எங்கே போகிறது என்று நான் கேட்டதே இல்லை. இலங்கையில் ஒரு மாகாணமே அந்தக் கேள்வியை முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று மாஸ்டர் கடிதம் எழுதிய பிறகுதான் கிளம்பினேன்.

மதவாச்சி

வவுனியாவிலிருந்து கண்டி வீதியில் தெற்கே போனால் அடுத்த பெரிய ஊர் மதவாச்சி. தமிழ்ப் பெயர்ப்பலகைகள் குறைந்து சிங்களப் பலகைகள் கூடுகின்றன. காடும் குளமும் வயலும் மாறவில்லை. கேன்களும் மாறவில்லை. சைக்கிள் கேரியரில், மோட்டார் சைக்கிளின் இரு பக்கத்திலும், முச்சக்கரவண்டியின் பின்னிருக்கையில் எல்லாம் தண்ணீர்க் கேன்கள். சந்தியைத் தாண்டி ஒரு சின்னக் கட்டடம். நாணயம் போட்டால் குழாயில் தண்ணீர் வரும். சுத்திகரித்த தண்ணீரை அங்கே "ஃபில்டர் வதுர" என்கிறார்கள். இப்படி நூற்றுக்கணக்கான நிலையங்களைக் கடற்படையினர் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கடலே இல்லாத மாவட்டத்தில், கடற்படை குடிநீர் கொடுக்கிறது.

1990-களின் நடுவில் அநுராதபுரத்து மருத்துவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். சிறுநீரகம் பழுதாகி வருகிறவர்களில் பலருக்குச் சர்க்கரை இல்லை, இரத்தக் கொதிப்பு இல்லை. பெரும்பாலும் நெல் விவசாயிகள், உழைக்கும் வயது. மதவாச்சி, பதவியா, கெபித்திகொல்லாவ, மெதிரிகிரிய, கிராந்துருகோட்டே என்று ஊர்ப்பட்டியல் நீண்டது. காரணம் தெரியாத நாள்பட்ட சிறுநீரக நோய் என்றே பெயர் வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் இலங்கை அரசும் சேர்ந்து நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வு, பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஆண்களில் 12.9 சதவீதமும் பெண்களில் 16.9 சதவீதமும் இந்த நோயோடு இருப்பதாகச் சொன்னது. ஆறேழு பேருக்கு ஒருவர். பெண்களிடம் எண்ணிக்கை கூடுதல் என்றாலும் முற்றிய நிலைக்குப் போகிறவர்களில் ஆண்களே அதிகம்.

குழாயடியில் எங்களோடு வரிசையில் நின்றவர் ஒரு விவசாயி. மாஸ்டர் சிங்களத்தில் பேச்சுக் கொடுத்தார். கிளினிக் கொப்பியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார் அவர். பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்து வைத்த கொப்பி, ஓரமெல்லாம் வியர்வைக் கறை. பத்திபத்தியாகச் சிறுநீரகச் சோதனையின் கிரியேட்டினின் எண்கள். ஒரு பரீட்சைக்குப் படித்த பிள்ளை போல ஒவ்வொரு எண்ணையும் மாதத்தோடு மனப்பாடமாகச் சொன்னார். "ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. தெரியும்போது பாதி போயிருக்கும்" என்பதுதான் மாஸ்டர் எனக்குச் சொன்ன மொழிபெயர்ப்பு.

என்ன தெளித்தீர்கள் என்று கேட்டேன். அவர் பதிலில் எனக்கு விளங்கிய ஒரே சொல் "பெஹெத்". மருந்து. சிங்களத்தில் களைநாசினி தெளிப்பதை மருந்து அடிப்பது என்றுதான் சொல்வார்களாம். வன்னித் தமிழிலும் மருந்தடிக்கிறது. மன்னார்குடியிலும் மருந்தடிக்கிறது.

பதவியா

மதவாச்சியிலிருந்து கெபித்திகொல்லாவ வழியாக வடகிழக்கே போனால் பதவியாக் குளம். குளம் என்ற நம் சொல் அதற்குப் போதாது. கரையில் நின்றால் மறுகரை வெயிலில் கரைந்துபோகிறது. சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்தது. வைக்கோல் வாசனை எங்கள் ஊர் வாசனைதான். சோறும் பலாக்கொட்டைக் கறியும் குளத்து மீனும் சாப்பிட்ட வீட்டில் இரண்டாவது தேத்தண்ணி கிடைத்தது.

அந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். கணவரும் மூத்த மகனும் இதே நோயில் போய்விட்டார்கள். முன்வாசலில் இரண்டு படங்களுக்கும் ஒரே மாலை போட்டிருந்தது. நான் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறேன் என்று தெரிந்ததும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு பழைய அலுமினியக் கேத்தலை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

வெறும் கேத்தலுக்கு அந்தக் கனம் இருக்கக் கூடாது. மூடியைத் திறந்தேன். உள்சுவர் முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாகக் கல் போலப் படிந்திருந்தது, சுண்ணாம்பு பூசிய சுவர் போல. கரண்டிக் காம்பால் ஓரத்தைத் தட்டினார். முட்டையோடு மாதிரி ஒரு சில்லு பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. "கிவுல் வதுர" என்றார். கிவுல் என்றால் கடினத் தண்ணீர், சவர் அடிக்கும் தண்ணீர். அந்தத் தண்ணீர் வரும் கிணற்றிலிருந்துதான் நாற்பது வருஷம் குடித்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் கறுத்துப்போகும், மேலே ஆடை மாதிரி ஒரு படலம் நிற்கும், ஊதினால் விரிசல் விடும் என்றார்.

அந்தக் கேத்தலைக் கையில் வைத்துக்கொண்டுதான் மாஸ்டர் எனக்குப் பாடம் எடுத்தார். அந்த மருந்தின் பெயர் கிளைபோசேட். அது களைக்கொல்லியாக உலகத்துக்கு வந்தது 1974-ல், ரவுண்டப் என்ற பெயரில். 1970-ல் மான்சாண்டோவின் ஜான் ஃபிரான்ஸ் அதன் களை கொல்லும் குணத்தைக் கண்டுபிடித்தார். அதற்கும் முன்னால், 1964-ல், உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் பொருளாக அதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். கால்சியம், மக்னீசியம் போன்றவற்றைக் கண்டால் அது பிடித்துக்கொள்ளும். கேத்தலில் படிந்திருப்பதும் அந்த வகையறாதான்.

2014-ல் சன்ன ஜயசுமன, சரத் குணதிலக உள்ளிட்டோர் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். கடினத் தண்ணீரில் கிளைபோசேட் தாதுக்களோடு பிணைந்துகொள்கிறது, அந்தப் பிணைப்புதான் கேட்டைச் சிறுநீரகம்வரை கொண்டுபோகிறது என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு பதவி ஸ்ரீபுரவில் 125 நோயாளிகளையும் 180 மற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். கிளைபோசேட் தெளித்தவர்களிடமும், இப்போது கைவிடப்பட்டுவிட்ட கிணறுகளில் முன்பு குடித்தவர்களிடமும் நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு தெரிந்தது. எதிர்த்தவர்களும் நிறைய. இலங்கையின் மூத்த விஞ்ஞானிகள் சிலரே, கருதுகோளுக்கும் நிரூபணத்துக்கும் தூரம் அதிகம் என்றார்கள். தேயிலை மலைகளில் காலங்காலமாக அதே மருந்தை அடிக்கிறார்களே, அங்கே ஏன் இந்த நோய் இப்படி இல்லை என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. அங்கே தண்ணீர் மென்மையானது என்பது மறுதரப்பின் பதில். வேறு சிலர் காட்மியம் என்றார்கள், ஃபுளோரைடு என்றார்கள். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பதால் வரும் உடல்வறட்சி என்கிற வாதத்துக்கும் பலம் உண்டு. எல் சல்வடோர், நிகராகுவா கரும்புத் தோட்டங்களிலும் ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதேபோல ஒரு நோய் இருக்கிறது.

2023-ல் டியூக் பல்கலைக்கழகக் குழு ஒன்று இலங்கைக் கிணறுகளில் நீர் எடுத்துச் சோதித்தது. நோய் உள்ள பகுதிகளில் 44 சதவீதக் கிணறுகளில் கிளைபோசேட் இருந்தது. வெளியே 8 சதவீதக் கிணறுகளில். பொதுவாகச் சீக்கிரம் சிதைந்துவிடும் என்று சொல்லப்படும் பொருள், கடினத் தண்ணீரின் தாதுக்களோடு பிணைந்துகொண்டால் நீரில் ஏழு வருஷம்வரை கிடக்கலாம் என்றும் சொன்னார்கள். நோய்க்கு அதுதான் காரணம் என்று அந்த ஆய்வும் தீர்ப்பு எழுதவில்லை.

ஆனால் நாற்பது வருஷம் குடித்தவர்களிடம் யாரும் சொல்லாத ஒன்றை அது சொன்னது. கிணற்றுக்குள் அது இருக்கிறது.

எவ்வளவு இருந்தால் கெடுதல் என்று உலகம் ஒத்துப்போகவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிநீரில் எந்தப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிக்கும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம்தான் வரம்பு. அமெரிக்காவில் கிளைபோசேட்டுக்கு 700 மைக்ரோகிராம். ஏழாயிரம் மடங்கு இடைவெளி. 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகையில் அதைச் சேர்த்தது. அதே ஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படி இருக்க வாய்ப்பில்லை என்றது. பெரிய மனிதர்கள் வாதம் செய்யட்டும், செய்யத்தான் வேண்டும். வாதம் முடியும்வரை அந்த அம்மா எந்தக் கிணற்றில் குடிப்பது என்பதுதான் என் மனத்தை அறுத்தது.

அவர் வீட்டு மண்பானையின் உட்புறத்தில் வட்டமாக ஒரு தேய்ப்புத் தடம் இருந்தது. என்ன என்று கேட்டதும் மாடத்திலிருந்து ஒரு சின்னக் கொட்டையை எடுத்தார். இங்கினி. பார்த்ததும் தெரிந்துவிட்டது. நம் தேற்றாங்கொட்டை. என் பாட்டி ஆற்றுத் தண்ணீர் கலங்கி வரும் நாட்களில் பானைக்குள் நாலு இழைப்பு இழைத்துவிட்டு ஊற்றுவார். விடிவதற்குள் மண்டி அடியில் இறங்கி, மேலே கண்ணாடி மாதிரி நிற்கும். அந்த அம்மாவும் அதே மாதிரி இழைத்துக் காட்டினார். கலங்கலை அது தெளிய வைக்கும். கரைந்திருப்பதை அது என்ன செய்யும்? அவர் குடும்பம் குடித்ததெல்லாம் தெளிந்த தண்ணீர்தான். மணமில்லை, நிறமில்லை. தெளிந்தால் குடிக்கலாம் என்று நம் முன்னோர் சொன்னதை நம்பி, ஒழுங்காகத் தெளிய வைத்துத்தான் குடித்தார்கள்.

எனக்கு ஃபில்டர் தண்ணீரில் தேத்தண்ணி வந்தது. பால் இல்லாத கடும் சாயம், பக்கத்தில் ஒரு துண்டுக் கருப்பட்டி. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு உறிஞ்ச வேண்டும். "குடி, புத்தே. இது நல்ல தண்ணி" என்றார். புத்தே என்றால் மகனே. முன்வாசலின் இரண்டு படங்களையும் பார்க்காமல் குடிக்க முடியவில்லை.

கலாவெவ

அடுத்து வந்தது, ஐந்தாம் நூற்றாண்டில் மன்னன் தாதுசேனன் கட்டிய குளத்துக்கு. இதிலிருந்து அநுராதபுரத்துத் திஸ்ஸவெவவுக்குப் போகும் கால்வாய் முதல் பதினேழு மைலுக்கு, மைலுக்கு ஆறு அங்குலம்தான் தாழ்கிறதாம். அந்தக் கணக்கைப் போட்டவனை எண்ணிக் கரையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். மாஸ்டர் காட்டிய வேறொன்று அதைவிடப் பெரிதாகப்பட்டது. பழைய குளங்களில் கரைக்கும் வயலுக்கும் நடுவே ஒரு பட்டை நிலத்தை உழாமல் மரம் வளர விடுவார்களாம். கட்டக்கடுவ என்று பெயர். அங்கே நிற்பது பெரும்பாலும் கும்புக், அதாவது மருதம். கரை வழியே கசியும் நீரின் உப்பை அந்த வேர்கள் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது கிராமத்துக் கணக்கு. பல ஊர்களில் அதையும் வெட்டி வயலாக்கிவிட்டார்கள்.

கலாவெவவுக்கு இன்று மகாவலித் தண்ணீரும் வருகிறது. 1976-ல் கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து வடக்கே திருப்பினார்கள். அந்த நீர் எங்கிருந்து இறங்குகிறதோ அங்கே போனேன். அது தேயிலை மலை.

தலவாக்கலை

கண்டியிலிருந்து ரயில் ஏறினால் ஹட்டன் தாண்டி மேகத்துக்குள் நுழைகிறது. வவுனியாவில் வெயில் சட்டையை நனைத்தது, இங்கே சால்வை தேடினேன். மலை முழுக்கச் சீவிவிட்ட தலைமுடி மாதிரி தேயிலை. கீழே கொத்மலை ஓயா. அதுதான் போய் மகாவலியில் சேர்கிறது.

இங்கே பேசும் தமிழ் திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து ஏறி வந்து, இருநூறு வருஷம் மலையில் இருந்த தமிழ். "வாங்க தம்பி, மழையில நிக்காதீங்க, உள்ளுக்கு வாங்க" என்று கூப்பிட்ட அம்மாவின் லயத்து வீடு ஒரே அறையும் ஓர் அடுப்படியும். மலைக்குப் போய் வந்த இறப்பர் சீட்டு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கிலோ குறைந்தால் அரைப் பேர்தான் போடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே அடுப்பை ஊதினார். ஒரு நாள் கூலிக்கு அங்கே பேர் என்று பெயர்.

2015-ல் மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியானதும் கிளைபோசேட்டை நாடு முழுக்கத் தடை செய்தார். அவர் பொலன்னறுவைக்காரர், நோயைப் பக்கத்தில் பார்த்தவர். வயல் பக்கத்து நோய்க்குப் போட்ட தடை மலைக்கும் வந்தது. "புல்லு இடுப்பளவு வந்துருச்சு தம்பி. அட்டைக்கடி, பாம்பு, குளவி. புல்லுவெட்ட ஆளும் இல்ல" என்றார் அந்த அம்மா. தோட்டங்கள் வேறு களைக்கொல்லிகளைத் தேடின. அவற்றில் ஒன்று எம்.சி.பி.ஏ. 2018-ல் இலங்கைத் தேயிலையில் அதன் எச்சம் இருப்பதாக ஜப்பான் பிரச்சினை எழுப்பியது. ஜப்பானின் வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதே ஆண்டு தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் கிளைபோசேட் திரும்ப வந்தது. 2021-ல் எல்லா வேளாண் இரசாயனத்துக்கும் திடீர்த் தடை, அதே வருஷம் நவம்பரில் தடை நீக்கம். 2022 ஆகஸ்டில் கிளைபோசேட் மறுபடியும் எல்லோருக்கும்.

ஜப்பான் செய்ததில் எனக்குக் குறை இல்லை. தன் மக்கள் குடிக்கும் கோப்பையை ஒரு நாடு அளக்கத்தான் வேண்டும். ஒரு கிலோ தேயிலையில் ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கைத் தேடிக் கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறது, ஆள் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. அந்தத் தேயிலையைக் கிள்ளும் கை குடிக்கும் தண்ணீருக்கு?

"தண்ணி எங்கிருந்து வருதும்மா?"

கூரைக்கு மேலே கையைக் காட்டினார். மலையுச்சிப் பீலியிலிருந்து ஒரு கறுப்புக் குழாய், தேயிலைப் புதர்களுக்கு நடுவே நெளிந்து இறங்கி வந்தது.

"மேல மருந்தடிக்கிற அன்னிக்கு?"

"சில நாள் சொல்லிவிடுவாங்க, அன்னிக்குப் புடிக்க மாட்டோம். சில நாள் சொல்ல மறந்துருவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொதிக்க வச்சுத்தானே குடிக்கிறோம்" என்றார்.

கொதித்தால் கிருமி சாகும். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து அவருக்கு வேறு எந்தத் தண்ணீரைக் காட்டியிருப்பேன்?

மூன்றாவது தேத்தண்ணி வந்தது. அங்கே அதற்குச் சாயத்தண்ணி என்று பெயர். இந்தப் பயணத்தில் குடித்ததிலேயே அழகு அதுதான். கண்ணாடித் தம்ளரில் சூரியகாந்திப் பூ நிறத்தில் அடிவரை தெரிந்தது. மேலே படலம் இல்லை. மென்மையான மலைத்தண்ணீர். ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

வீடு

திரும்பி வந்த மறுநாள் இரண்டு லிட்டர் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, எங்கள் மோட்டார்க் கிணற்றில் தண்ணீர் பிடித்தேன். இந்தியக் குடிநீர்த் தரநிலையில் சோதிக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை எடுத்துப் படித்தேன். அட்ரசின் இருக்கிறது, 2,4-டி இருக்கிறது, டி.டி.டி. இருக்கிறது. கிளைபோசேட் இல்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு அதன் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு போட்டது, பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர் மூலம்தான் அடிக்க வேண்டும் என்று. எங்கள் தெருவில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களிடம் அரசு நடத்திய ஆய்விலும் ஏறத்தாழ 5 சதவீதம் பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் தெரிந்தது. அவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ இல்லை. வெயில்தான் முதல் சந்தேகம் என்கிறார்கள். இருக்கலாம்.

ஒரு சோதனைக்கூடத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பொறுமையாக விளக்கினார். எல்லா மருந்தையும் ஒன்றாகப் பார்க்கும் சோதனையில் கிளைபோசேட் அகப்படாது, அதற்குத் தனி முறை, தனிக் கட்டணம். "வீட்டுக் கிணத்துக்கு அதை யாரும் கேட்டதில்லையே, சார். நிஜமாவே வேணுமா?"

வேணும் என்றேன். பாட்டிலில் ஒட்டிய தாளில் தேதி போட்டு, வடக்குக் கொல்லை, அறுபது அடி, நெல் வயலிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி என்று எழுதினேன். இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. கடைசியாக மருந்து அடித்தது எப்போது என்று கேட்பார்களோ என்று, அதையும் எழுதினேன். அடித்தவர் என்ற இடத்தில் என் பெயரை.